மலைப்பாதையில் ஏன் குமட்டுகிறது, உடம்பு அதை எப்படிப் பழகிக்கொள்கிறது?

உவரியிலோ கூத்தங்குழியிலோ விடியுமுன் கடலில் இறங்கி, கச்சான் காற்றில் வள்ளம் எழும்பி விழுவதைப் பொருட்படுத்தாமல் வலை இழுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகும் பஸ்ஸில், பாபநாசம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் அவர்களில் ஒருவருக்கு வயிற்றைப் புரட்டலாம். அந்த வளைவுகளில் ஆண்டுக்கணக்கில் பஸ் ஓட்டிய டிரைவரை வள்ளத்தில் ஏற்றினால் அரை மணி நேரத்தில் அவர் ஓங்கரிக்கலாம். கடலைத் தாங்கும் உடம்பு மலையை ஏன் தாங்குவதில்லை?

வீட்டில் இதற்குச் சொல்லும் விளக்கம் பித்தம், அல்லது பலவீனமான வயிறு. இரண்டும் சரியில்லை. பயணக் குமட்டலில் வயிறு கடைசியில்தான் வருகிறது. தொடக்கம் காதின் உள்ளே, தீர்ப்பு சிறுமூளையில். உடம்பு "பழகிவிட்டது" என்று நாம் சொல்வதும் அங்கே நடக்கும் ஒரு கணக்குத் திருத்தத்தைத்தான். அந்தத் திருத்தம் எந்த அசைவுக்காகச் செய்யப்பட்டதோ அதற்கே பெரும்பாலும் செல்லுபடியாகும்.

காதுக்குள் இருக்கும் அசைவுமானி

காதின் கேட்கும் பகுதிக்குப் பக்கத்திலேயே, பட்டாணி அளவு இடத்தில், சமநிலை உறுப்பு இருக்கிறது. அதில் இரண்டு வகைக் கருவிகள் உண்டு.

1. அரைவட்டக் குழாய்கள். ஒரு காதுக்கு மூன்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு தளத்தில் நிற்பதால் தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒன்று பதிவு செய்யும். தலை திரும்பும்போது உள்ளே இருக்கும் திரவம் சற்றுப் பின்தங்குகிறது. அந்தப் பின்தங்கல் ஒரு மெல்லிய தடுப்பை வளைக்கிறது. அதில் பதிந்த மயிரணுக்கள் நரம்புக்குத் தகவல் அனுப்புகின்றன.

2. கல் உறுப்புகள். ஒரு காதுக்கு இரண்டு. கால்சியம் கார்பனேட் துகள்கள் பதிந்த பசைப்படலம் இது. தலை சாய்ந்தாலும், வண்டி வேகம் எடுத்தாலும், பிரேக் போட்டாலும், மேலே கீழே போனாலும் படலம் நகரும்.

இவற்றோடு கண் கொடுக்கும் காட்சியும், கழுத்து, பாதம், முதுகு ஆகியவற்றின் தசைகள் கொடுக்கும் அழுத்த உணர்வும் சேர்கின்றன. நடக்கும்போது இவை எல்லாம் ஒரே கதையைச் சொல்கின்றன. பஸ்ஸில் உட்கார்ந்து செல்போனைப் பார்க்கும்போது கண் "அசைவில்லை" என்கிறது, காது "வளைகிறோம்" என்கிறது.

குமட்டலுக்குக் காரணம் முரண் மட்டும்தானா?

கண்ணும் காதும் முரண்படுவதால் குமட்டல் வருகிறது என்று பாடப்புத்தகம் சொல்லும். அது பாதி உண்மைதான். பார்வையற்றவர்களுக்கும் பயணக் குமட்டல் வருகிறது. அவர்களுக்குக் கண் எதையும் மறுத்துச் சொல்வதில்லை. மறுபுறம், சமநிலை உறுப்பு இரு காதிலும் முற்றிலும் செயலிழந்தவர்களுக்கு இது வருவதே இல்லை. 1882-லேயே அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் காது கேளாதவர்களில் பலரிடம் இதைக் கவனித்துப் பதிவு செய்தார்.

முழுமையான விளக்கத்தை 1970-களில் பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் முன்வைத்தார். புலன்கள் ஒன்றோடொன்று முரண்படுவதைவிட, அவை தரும் தகவல் மூளை எதிர்பார்த்ததோடு முரண்படுவதுதான் சிக்கல் என்றார் அவர். மூளை ஒவ்வொரு கணமும் அடுத்து என்ன உணர்வு வரும் என்று முன்கூட்டியே கணித்து வைக்கிறது. பழைய அனுபவங்களின் இருப்பிலிருந்து அந்தக் கணிப்பு வருகிறது. கணிப்புக்கும் வரவுக்கும் இடைவெளி நீடித்தால் குமட்டல்.

டிரைவருக்கு ஏன் வருவதில்லை என்பது இதில் தெளிவாகிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும் கட்டளை அவர் மூளையிலிருந்தே புறப்படுகிறது. வளைவின் உணர்வு வருமுன்பே கணிப்பு தயார். வளைவுக்குள் அவர் தலை தானாக உள்பக்கம் சாய்கிறது, பயணியின் தலை வெளிப்பக்கம் வீசப்படுகிறது. பயணிகளும் டிரைவரைப் போல வளைவின் உள்பக்கம் தலையைச் சாய்த்தால் குமட்டல் குறைவதைச் சோதனைகள் காட்டியுள்ளன.

இடைவெளி ஏன் வாந்தியாக மாற வேண்டும்? 1977-இல் உளவியலாளர் மிக்கேல் டிரைஸ்மன் ஒரு கருத்தைச் சொன்னார். இயற்கையில் புலன்கள் இப்படிக் குழம்புவது பெரும்பாலும் நஞ்சைத் தின்றபோதுதான். எனவே குழப்பம் வந்தால் வயிற்றைக் காலி செய் என்ற பழைய ஏற்பாடு உடம்பில் இருக்கிறது என்பது அது. இது கருதுகோள்தான், நிரூபிக்கப்பட்டது அல்ல. ஆனால் அறிகுறிகள் வரும் வரிசை தெளிவாக அறியப்பட்டது: கொட்டாவி, சோர்வு, வாயில் எச்சில் ஊறுதல், முகம் வெளிறுதல், குளிர்ந்த வியர்வை, குமட்டல், வாந்தி. நிமிடத்துக்கு மூன்று அலையாக இயங்கும் இரைப்பையின் மின்தாளம் நான்கு முதல் ஒன்பதுவரை ஏறித் தடுமாறும். உள்ளே இருப்பது கீழே இறங்காமல் தேங்கும். கொட்டாவியும் எச்சில் ஊறுதலும்தான் எச்சரிக்கை மணி. அதைக் கவனிப்பவர் தப்பிக்கலாம்.

ஐந்து நொடிக்கு ஓர் அசைவு

மாட்டுவண்டி உடம்பை உலுக்கி எடுக்கும், வாந்தி வராது. மேடுபள்ளச் சாலையில் பைக்கில் போனாலும் வராது. வள்ளத்தின் மென்மையான ஏற்ற இறக்கத்தில் வந்துவிடும். அசைவின் வலிமையைவிட அதன் தாளம் முக்கியம்.

மிக மோசமான தாளம் சுமார் 0.2 ஹெர்ட்ஸ், அதாவது ஐந்து நொடிக்கு ஒரு முழு அசைவு. நடக்கும்போது நொடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை உடம்பு குலுங்குகிறது. அது இதைவிடப் பத்து மடங்கு வேகம், அதற்கு நாம் பிறந்ததிலிருந்து பழகியிருக்கிறோம்.

ஏன் குறிப்பாக 0.2? கல் உறுப்புக்கு ஒரு குறை உண்டு. தலை சாய்ந்ததா, உடம்பு பக்கவாட்டில் நகர்ந்ததா என்று அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டிலும் படலம் ஒரே மாதிரிதான் நகரும். மூளை ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறது: மெதுவாக வந்தால் அது சாய்வு, வேகமாக வந்தால் அது நகர்வு. இரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ 0.2 ஹெர்ட்ஸில், எது என்று தீர்மானிக்க முடியாத ஒரு பட்டை இருக்கிறது. கடல் அலையில் சிறு படகு அங்கேதான் ஆடுகிறது. மணிமுத்தாறு அணையைத் தாண்டி மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு என்று ஏறும் சாலையில், இடம் வலம் என ஒரு சுற்று வளைந்து முடிய ஐந்து முதல் பத்து நொடி ஆகும் இடங்களில் பஸ்ஸும் அதே பட்டைக்குள் வருகிறது. செங்கோட்டை–ஆரியங்காவு கணவாய்ச் சாலைக்கும் இது பொருந்தும். அதே கணவாயை ரயிலில் கடப்பவர்களுக்கு அவ்வளவு தொல்லை இல்லை. தண்டவாளத்தின் வளைவுகள் நீளமானவை, மென்மையானவை.

வளைவில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பஸ் ஒரு பக்கம் சுழன்றுகொண்டிருக்கும்போது கீழே விழுந்த பையை எடுக்கக் குனிந்தால், சுழலும் திரவம் இன்னொரு குழாயின் தளத்துக்குத் திடீரென மாறுகிறது. குட்டிக்கரணம் அடித்ததுபோன்ற பொய்யான உணர்வு வரும். அதுவரை நன்றாக இருந்தவரையும் ஒரே குனிவு கவிழ்த்துவிடும். கொண்டை ஊசி வளைவில் எது விழுந்தாலும் வளைவு முடியும்வரை கிடக்கட்டும்.

பழகும்போது மூளையில் நடப்பது

புதுக் கண்ணாடி போட்ட முதல் நாள் தரை பள்ளமாகத் தெரியும், படி இறங்கக் கால் தயங்கும். இரண்டொரு நாளில் அந்த உணர்வே இருக்காது. கண்ணாடி மாறவில்லை, தலை இவ்வளவு திரும்பினால் காட்சி இவ்வளவு நகரும் என்ற கணக்கை மூளை மாற்றிக்கொண்டது. பயணத்திலும் இதே வேலைதான்.

1. பிழை பதிவாகிறது. கணிப்புக்கும் வரவுக்கும் உள்ள வித்தியாசம் மூளைத்தண்டிலிருந்து சிறுமூளைக்கு ஒரு பிழைச் சமிக்ஞையாகப் போகிறது.

2. கணிப்பு திருத்தப்படுகிறது. அந்தச் சமிக்ஞை திரும்பத் திரும்ப வரும்போது சிறுமூளையின் நரம்பிணைப்புகளின் வலிமை மாறுகிறது. "வள்ளத்தில் இருக்கிறேன், தரை ஏறி இறங்கும்" என்பது புதிய எதிர்பார்ப்பாகப் பதிகிறது.

3. சேமிப்பு சுருங்குகிறது. அரைவட்டக் குழாயின் சைகை சில நொடிகளில் ஓய்ந்துவிடும். மூளைத்தண்டு அதைப் பிடித்துவைத்து இன்னும் பத்துப் பதினைந்து நொடி நீட்டிக்கிறது. பழகியவர்களிடம் இந்த நீட்டிப்பு குறைகிறது. பழைய சைகை சீக்கிரம் ஓய்வதால் அடுத்த வளைவோடு மோதுவதில்லை.

4. உடம்பும் கற்கிறது. அலைக்கு முன்னமே முழங்கால் மடங்குகிறது, கழுத்து இறுகுகிறது. வள்ளத்தில் நின்றுகொண்டே வேலை செய்பவருக்கு இது தானாக வருகிறது. சுருண்டு படுத்துக் கிடப்பவருக்கு அப்போதைக்குக் குமட்டல் குறையும், பழக்கம் தாமதமாகும்.

பிழை வந்தால்தான் திருத்தம் நடக்கும் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கண்ணை இறுக மூடி, தூங்கியே பயணத்தைக் கழிப்பவர் அன்றைக்குத் தப்பிக்கிறார். அடுத்த முறையும் அதே இடத்தில்தான் நிற்பார்.

புதிய கணக்கு பழைய இடத்துக்குப் பொருந்தாது என்பதால் கரைக்குத் திரும்பியதும் தரை ஆடுவதுபோல் தோன்றும். பல நாள் கடலில் தங்கியவர்களுக்குச் சில மணி நேரம் முதல் இரண்டு நாள்வரை இது இருக்கும், கேடு இல்லை. விண்வெளிக்குப் போகிறவர்களிடம் இதே நாடகம் பெரிய அளவில் நடக்கிறது. எடையற்ற நிலையில் கல் உறுப்புக்குச் சாய்வு என்பதே தெரியாது. முதல் இரண்டு மூன்று நாளில் பத்துப் பேரில் ஆறேழு பேருக்குக் குமட்டல், பிறகு தெளிவு, பூமிக்குத் திரும்பியதும் மறுபடி தள்ளாட்டம். மனிதரை விண்ணுக்கு அனுப்பும் இந்தியத் திட்டமான ககன்யானுக்கான எஞ்சின்கள் நம் மகேந்திரகிரியில் சோதிக்கப்படுகின்றன. அதில் ஏறப்போகும் வீரர்களின் காதும் இந்த விதிக்கு உட்பட்டதுதான்.

எத்தனை நாள் ஆகும், யாருக்கு?

தொடர்ந்து கடலில் இருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு இரண்டு முதல் நான்கு நாளில் தெளிந்துவிடும். மிகச் சிலர் பழகுவதே இல்லை. 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகைச் சுற்றிய சார்லஸ் டார்வின் கடைசிவரை கடல் குமட்டலால் அவதிப்பட்டார்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது அரிது. ஏழெட்டு வயது முதல் பன்னிரண்டுவரை உச்சம். அதற்குப் பிறகு படிப்படியாகக் குறையும். பெண்களுக்குச் சற்று அதிகம், மாதவிடாய் நாட்களிலும் கர்ப்ப காலத்திலும் இன்னும் அதிகம். ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் எளிதில் பாதிக்கப்படுவார்கள். வாந்தி எடுக்கும் பிள்ளையை "நடிக்கிறான்" என்று திட்டுவது அநியாயம். அந்த வயதின் மூளை அப்படித்தான் இருக்கும்.

பயணங்களுக்கு இடையே விடும் இடைவெளி கணக்கைக் கெடுக்கும். தினமும் போகிறவர் சீக்கிரம் பழகுவார். மாதம் ஒருமுறை போகிறவருக்கு ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய முதல் பயணம்தான். ஆனால் ஒருமுறை நன்றாகப் பழகியவருக்குப் பல மாதம் விட்டுப்போனாலும் கணக்கு முழுதாக அழிவதில்லை. இரண்டாம் முறை விரைவில் மீண்டு வரும்.

திட்டமிட்டுப் பழக்குவது எப்படி?

மலைமேல் வேலைக்கு மாற்றலாகிப் போகிறவர், தினமும் பஸ்ஸில் பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளை ஆகியோருக்கு இது உதவும். பல நாடுகளின் விமானப்படைகள் குமட்டும் விமானிகளை வேலையிலிருந்து நீக்காமல் மீட்டெடுப்பதும் இதே தத்துவத்தில்தான்: சிறிது சிறிதாக, வாந்திக்குக் கீழே, இடைவிடாமல்.

1. எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். எச்சில் ஊறத் தொடங்கும் நேரம்தான் எல்லை. புறப்பட்டு எத்தனை நிமிடத்தில் அது வருகிறது என்று இரண்டு மூன்று பயணங்களில் குறித்துக்கொள்ளுங்கள்.

2. அந்த எல்லைக்குச் சற்று முன்பே இறங்குங்கள். இருபதாவது நிமிடத்தில் வருகிறது என்றால் முதல் வாரம் பதினைந்து நிமிடப் பயணம், தினமும். திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்கு டவுன் பஸ் போதும்.

3. வாரத்துக்கு ஐந்து பத்து நிமிடம் கூட்டுங்கள். அடுத்த கட்டம் அம்பாசமுத்திரம் போன்ற சமவெளிப் பாதை. வளைவுப் பாதை அதற்குப் பிறகுதான், அதிலும் முதலில் குறுகிய தூரம்.

4. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே, ஜன்னலோரம், முன்பக்கம் பார்த்து உட்காருங்கள். பின் சக்கரத்துக்கும் பின்னால் உள்ள இருக்கைகள் வளைவில் அதிகம் வீசும், பள்ளத்தில் அதிகம் தூக்கிப்போடும். பழகப் பழக இந்தச் சலுகையைக் குறைத்துக்கொள்ளலாம்.

5. பார்வை முன் கண்ணாடி வழியாகத் தூரத்துச் சாலையிலோ மலை விளிம்பிலோ இருக்கட்டும். பக்கத்து ஜன்னலில் ஓடும் மரங்களை எண்ணுவதும் செல்போன் பார்ப்பதும் வேண்டாம்.

6. எச்சில் ஊறினால் தலையை இருக்கையில் சாய்த்து அசையாமல் வையுங்கள், முகத்தில் காற்றுப் படட்டும், மூச்சைச் சீராக, நிதானமாக விடுங்கள். மூச்சில் கவனம் வைப்பது குமட்டலைத் தள்ளிப்போடும் என்பது சோதனைகளில் உறுதியானது.

வண்டியில் ஏறாமலே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தில் 14 நாள், நாளொன்றுக்கு 15 நிமிடம், காகிதம் மடிப்பது, வடிவங்களை மனத்தில் சுழற்றிப் பார்ப்பது போன்ற புதிர்களைச் செய்தவர்களுக்குக் குமட்டல் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பிள்ளைகளுக்குப் பரீட்சித்துப் பார்க்கத் தகுந்தது, செலவும் இல்லை.

பழக்கம் எங்கே கெடுகிறது?

"ரெண்டு தடவை வாந்தி எடுத்தா சரியாயிரும்" என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு போவது பெரும் தவறு. கடும் வாந்தியோடு முடியும் பயணங்கள் அடுத்தடுத்து வந்தால் மூளை வேறொரு பாடத்தைக் கற்கிறது: டீசல் வாடை, ரெக்சின் சீட்டின் மணம், கண்டக்டரின் விசில் எல்லாமே வாந்தியோடு முடிச்சுப் போடப்படும். பிறகு பஸ் புறப்படுமுன்பே, ஸ்டாண்டில் நிற்கும்போதே குமட்டும். இந்த முடிச்சை அவிழ்ப்பது முதல் பழக்கத்தைவிடக் கடினம். அப்படி ஆனவர்களை நிற்கும் வண்டியில் சில நிமிடம் உட்காரவைப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எலுமிச்சம்பழத்தை முகர்வது அந்த வாடையை மறைக்கிறது. அந்த அளவில் பயன் உண்டு. இஞ்சி மரப்பாவுக்குச் சில சோதனைகளில் சிறு பலன் தெரிந்தது, சிலவற்றில் இல்லை, கெடுதல் கிடையாது. செய்தித்தாளை மடித்துப் போட்டு அதன்மேல் உட்காரும் வழக்கத்தில் காதுக்கோ சிறுமூளைக்கோ சம்பந்தமான எதுவும் இல்லை. ஆனாலும் "வராது" என்ற நம்பிக்கையே இந்தத் தொல்லையைக் கணிசமாகக் குறைக்கும் என்பதால், அதைப் பிடுங்கிப் போடத் தேவையில்லை.

சாப்பாட்டில் இரு தவறுகள் நடக்கின்றன. புரோட்டா சால்னாவும் அல்வாவும் சாப்பிட்டு உடனே ஏறுவது ஒன்று. எண்ணெயும் நெய்யும் இரைப்பையில் நெடுநேரம் தங்கும். ஒன்றுமே சாப்பிடாமல் ஏறுவது மற்றொன்று. வெறும் வயிறும் புரட்டும். ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு மூன்று இட்லி போதும்.

மின்சாரக் காருக்கு மாறியவர்கள் சிலர் புதிதாகக் குமட்டுவதாகச் சொல்வதும் பொய்யல்ல. ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்ததுமே வண்டி இழுத்துப் பிடிக்கிறது. எஞ்சின் ஒலி இல்லாததால் பயணிக்கு முன்னறிவிப்பும் இல்லை. இழுவையை அமைப்பில் குறைத்து வைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

மாத்திரை: எது, எப்போது

மருந்துக்கடையில் "வாந்தி மாத்திரை" என்று கேட்டால் பல சமயம் ஒண்டான்செட்ரான் கொடுப்பார்கள். குடலிலிருந்து புறப்படும் வாந்திக்கு அது நல்ல மருந்து. பயணக் குமட்டலுக்கு அநேகமாகப் பயனில்லை. இந்தச் சைகை காதிலிருந்து, ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின் ஆகிய வேதிப்பொருட்களின் வழியாகப் போகிறது. அவற்றைத் தடுக்கும் மருந்துதான் வேண்டும். அவோமின் என்ற பெயரில் கிடைக்கும் புரோமெத்தசின் 25 மி.கி. அந்த வகை.

புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே விழுங்க வேண்டும். குமட்டல் தொடங்கிய பின் இரைப்பை தேங்கிவிடுவதால் மாத்திரை குடலுக்கு இறங்காது. தூக்கம் வரும், வண்டி ஓட்டுபவரும் கடலில் தொழில் செய்பவரும் எடுக்கக் கூடாது, மதுவோடு கூடவே கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. பெரிய பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும், கண் நீர் அழுத்தம் அல்லது புராஸ்டேட் தொல்லை உள்ளவர்களுக்கும் மருத்துவரைக் கேட்டே. எப்போதோ ஒரு பயணத்துக்கு மாத்திரை நல்ல வழி. தினசரிப் பயணத்துக்கு அதையே நம்பினால், தூக்கம் தரும் மருந்து சிறுமூளையின் திருத்தத்தைத் தாமதப்படுத்தக்கூடும்.

வாந்தி எடுத்துவிட்டால் சிறிது நேரம் இதமாக இருக்கும்; அசைவு நிற்காதவரை குமட்டல் திரும்பும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்து, ஒவ்வொரு வாயாகக் கொடுங்கள். மடமடவென்று குடித்தால் அதுவும் வெளியே வரும்.

வண்டியில் ஏறாமலே தலை சுற்றுவது, ஒரு காதில் மட்டும் கேட்கும் திறன் குறைவது அல்லது இரைச்சல், படுக்கையில் புரளும்போது அறையே சுழல்வது, இறங்கி ஒரு மாதம் ஆகியும் தரை ஆடுவது: இவை பயணக் குமட்டல் அல்ல. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். திடீர்த் தலைசுற்றலோடு பேச்சுக் குழறல், பார்வை இரட்டையாதல், கை கால் மரத்துப்போதல் சேர்ந்தால் அரை மணி நேரம்கூடக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.